ஒரு வாளித் தண்ணீர்

கடல் வற்றி தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்த ஒரு காலை, சேற்றில் குட்டித் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. சாகிற உயிருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று, “முருகா” என்றபடி அதன் தலையில் வாளியைக் கவிழ்க்கப் போனேன். அங்கு நின்ற மிருக வைத்தியர், ஒரு தமிழ்ப் பெண், என் கையைப் பிடித்தார். நரைத்த பின்னல், முழங்கால்வரை சேறு.

“அண்ணை, உச்சியில இருக்கிற ஓட்டைதான் அதின்ர மூக்கு. ஊத்தினால் மூச்சு முட்டும்.”

“திருப்பிக் கடலுக்கு விட ஏலாதோ?”

“ஏலாது. தன்ர பாரத்திலேயே உள்ளுக்குள்ள நசுங்குது. நோகாமல் அனுப்பத்தான் ஏலும்.”

ஊசி போட்டார். பிறகு அந்த மூக்குக்கு மேலாக உள்ளங்கையைப் பிடித்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே குந்தியிருந்தார். வெகுநேரத்துக்குப் பிறகுதான் கையை எடுத்தார். என் வாளியில் இன்னும் தண்ணீர் இருந்தது.

“இப்ப ஊத்துங்கோ, அண்ணை” என்றார்.