கையெழுத்தின் முதல் எழுத்து

எங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்காவுக்கு வில்லங்கம் என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. "வில்லங்கத்தக்கா எங்க?" என்றால் உடனே மாடிப்படியைக் காட்டுவார். வீடு வாங்க வருகிறவர்களுக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டி, அந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறதா, ஏற்கனவே வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தாயிற்றா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் தொழில். அதை வில்லங்கம் பார்ப்பது என்பார்கள். பார்த்துப் பார்த்து அந்தப் பெயர் அவள்மேலேயே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஃபோனை எடுத்தாலே, "ஆமா, வில்லங்கந்தான் பேசறேன், சொல்லுங்க" என்பாள்.

நான் அதே அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவன். என் மேசைக்குப் பக்கத்து மேசை அவளுடையது, மாடியில் இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் இருப்பாள். என் உயிரை வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் அடித்த பத்திரத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தால் அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ! "தம்பி, இந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு நேர்ல பாத்தியா, இல்ல கனவு கண்டியா?" என்று நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். நானும் சும்மா இருப்பேனா? "ஒங்க வீட்டுக்காரர் பாவம்க்கா" என்பேன். சிரித்துவிடுவாள்.

ஆனால் மகா பயந்தாங்கொள்ளி. ஒரு வீட்டுக்கு வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக மாடியேறிப் போய் அதே பக்கங்களைத் திரும்பவும் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் நான் கிண்டல் செய்தபோது, "ஒனக்கென்ன, நீ தப்பா எழுதினா அடிச்சித் திருத்திக்கலாம். நான் தப்பா சொன்னா ஒருத்தர் தெருவுல நிப்பாங்கடா" என்றாள். 

அப்படிப்பட்டவளுக்குச் சொந்த நாத்தனாருக்கே வில்லங்கம் பார்க்க வேண்டிய நிலைமை வந்தது.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். தையல்காரி. கல்யாணமானதும் வாடகை வீடு, புருஷன் போன பிறகும் வாடகை வீடு. தையல் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கிளப்பிவிட, மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தவர். அவர்கள் அம்மாவின் வீடு தம்பிக்கு, அதாவது அக்காவின் கணவருக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் அண்ணிக்கு ஆறவே இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவார், சாப்பிடுவார், போகும்போது சுவரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அக்கா கூனிக் குறுகிப்போவாள்.

கடைசியில் அண்ணிக்கு ஒரு வீடு அமைந்தது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் சின்ன வீடு. அவரை எல்லோரும் கப்பல்காரர் என்றே சொல்வார்கள். அண்ணி கையில் கழுத்தில் இருந்ததையெல்லாம் வைத்து, போதாததற்கு வங்கியில் கடனும் வாங்கியிருந்தார். இந்த வீடு கைவிட்டுப் போனால் இன்னொன்று வாங்க அவருக்குத் தெம்பும் இல்லை, வயதும் இல்லை.

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். சமீப வருடங்களுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் போதும். அதற்கு முந்தைய காலத்துக்கு மாடிப் பதிவறையில் உள்ள தடித்த அட்டவணைப் புத்தகங்கள்தான் கதி. எழுதிக் கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்துப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனிப் புத்தகம். கப்பல்காரர் பெயர் ரகரத்தில் தொடங்குவது. அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருந்தது, நானும் பத்திரத்தில் அப்படியே அடித்தேன். ரகரப் புத்தகங்கள் அத்தனையையும் அக்கா பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "சுத்தமா இருக்கு அண்ணி, தைரியமா வாங்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அண்ணி முதல் தடவையாக அவள் கன்னத்தைத் தொட்டாராம். அதை அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பதிவு நாள் வந்தது. பதிவாளர் அம்மாவின் மேசை முன்னால் கப்பல்காரர், தரகர், அண்ணி, சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவும் நானும். எல்லாம் தயார். கப்பல்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை உதறி, ஒவ்வொரு தாளிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அவர் முடித்ததும் அண்ணி போட வேண்டும், வங்கிக் காசோலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"தம்பி, அவர் கையெழுத்தப் பாரு."

பார்த்தேன். கப்பல்காரர் தன் பெயருக்கு முன்னால் அழகாக ஓர் இகரம் போட்டிருந்தார்.

ரகரத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் இகரம் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடும்போது அது வாயில் வராது, எழுதும்போது மட்டும் வரும். இலக்கணப்படி அதுதான் சரி என்று எந்த வாத்தியாரோ சின்ன வயதில் மண்டையில் ஏற்றியிருப்பார். இந்த மனிதர் வாலிபத்தில் ஏதாவது பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது இகரப் புத்தகத்தில் அல்லவா ஏறியிருக்கும்? அக்கா அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. 

"ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று மாடிக்கு ஓடினாள். போன வேகத்தில் திரும்பினாள். பதிவறைக்காரர் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தால் அவருடைய ஃபோன் உள்ளே மேசைமேலேயே அடித்துக்கொண்டிருந்ததாம்.

"மேடம், கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள் பதிவாளர் அம்மாவிடம்.

"இப்ப முடிக்கலேன்னா டோக்கன் போயிடும். அப்புறம் எப்ப கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

தரகர் குதித்தார். "என்னம்மா வெளையாடறீங்களா? இன்னொரு பார்ட்டி கீழ கார்ல ஒக்காந்திருக்கு. இவங்க வேணாம்னா சொல்லுங்க, அவங்க வருவாங்க."

 அண்ணி பேனாவை எடுத்துவிட்டார். அக்கா சட்டென்று கையெழுத்துப் போடும் இடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"போடாதீங்க அண்ணி."

"என்னடி சொல்ற?"

"ஒரு புஸ்தகம் பாக்காம விட்டுட்டேன்."

"சுத்தமா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாமா? அப்ப வில்லங்கம் இருக்கா இல்லியா?"

"தெரியல அண்ணி."

அடிப் பாவி, தெரியாமலா கையை வைத்தாய் என்று எனக்கே கத்தத் தோன்றியது. 

அண்ணி எழுந்து நின்றார்.  "எங்கம்மா வீட்டுல நீ இருக்க. இருந்துட்டுப் போ, நான் ஒண்ணும் கேக்கல. எனக்குன்னு ஒரு வீடு வந்துடக் கூடாதுன்னு ஒனக்கு என்ன அவ்ளோ வயித்தெரிச்சல்?"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கையை எடுக்கவில்லை.

"கைய எடும்மா" என்றார் பதிவாளர் அம்மா.

"எடுக்க மாட்டேன் மேடம். வேணும்னா போலீஸக் கூப்பிடுங்க."

 கப்பல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே தரகர், எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டு. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் அடித்துக் கொடுத்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பதிவறை வாசலில் மூவரும் காத்திருந்தோம். அண்ணி போயிருக்கலாம், போகவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியில் காசோலை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா இந்தக் கோடியில். எனக்கு நடுவில் உட்காரப் பயம், நின்றுகொண்டேன். புத்தகத்தில் ஏதாவது இருந்தால் அண்ணிக்கு வீடு இல்லை. இல்லாவிட்டால் அக்காவுக்கு அந்தக் குடும்பத்தில் முகம் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன்.

பதிவறைக்காரர் பல் குத்திக்கொண்டு சாவகாசமாக வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். இகரப் புத்தகங்களை இறக்கினோம். அக்காவின் விரல் பக்கம் பக்கமாக இறங்கியது. ஒரு புத்தகம் முடிந்தது, இல்லை. அடுத்ததும் முடிந்தது, இல்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. மூன்றாவதன் நடுவில் விரல் நின்றது.

அவள் வாசிக்கவில்லை. புத்தகத்தை அப்படியே அண்ணி பக்கம் திருப்பி வைத்தாள். நான்தான் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். அந்த வீட்டைக் கப்பல்காரர் தன் மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். மகள் வீடு! இன்னொருத்தி வீட்டை விற்க அந்த மனிதர் கண்ணாடியெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு கேட்டதற்கு மறந்துபோச்சு என்றாராம். நன்றாக வாயில் வருகிறது எனக்கு.

அண்ணி அந்த வரியை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு நாற்காலியில் சரிந்தார். "அம்மாடி! கையெழுத்துப் போட்டிருப்பேனே" என்றார். பையிலிருந்து காசோலையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"தெருப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்துச்சு. அங்கதான் மெஷினப் போடலாம்னு நெனச்சேன்."

"நானும் பாத்தேன் அண்ணி" என்றாள் அக்கா. "அங்க வெளிச்சம் நல்லா..."

அவளால் முடிக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் அசையாமல் நின்றவள், புத்தகத்தின்மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பதிவறைக்காரர் பதறிப்போய், "அம்மா, தாள் நனையுது, தாள் நனையுது" என்றார்.

அண்ணி எழுந்து போய் அவள் முகத்தை நிமிர்த்தி, தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"நீ எதுக்குடி அழற?" என்றார். "வீடு போனது எனக்கு."