சிட்ஸ்கேயின் முப்பது நாள்

சிட்ஸ்கேயைக் கவிழ்த்தது என் வாய்தான். அவளைக் காப்பாற்றியதும் அதுதான் என்கிறார் டாக்டர். எனக்கோ இன்னும் நெஞ்சு உறுத்துகிறது.

நெதர்லாந்தின் வடகோடியில், எங்கள் ஃபிரீஸ்லாந்து ஊரில் நாங்கள் இருவரும் தபால்காரிகள். கடல் அணையோரப் பண்ணை வீடுகள் அவள் பங்கு. எதிர்காற்றில் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வழியை யாருக்கும் விட்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய். நாங்கள் எல்லோரும் தின்கிறதுதான். அவள் தினம் ஒரு பொட்டலம் காலி செய்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கறுத்துக்கொண்டே வந்தாள். அதுவும் சூரியன் தலைகாட்டாத ஜனவரியில்!

"ஏண்டி, ஸ்பெயின்ல வெயில் காஞ்சிட்டு வந்து எங்ககிட்ட மறைக்கிறியா?" என்றேன்.

"வயிறெரியாதடி." சிரித்தாள், மூச்சு வாங்கியது.

"எல்லாம் அந்த மிட்டாய் பண்ற வேலை. முப்பது நாள் தொடாம இரு பாப்போம்."

"இருந்துட்டா?"

"நீ என்ன கேட்டாலும் செய்றேன்."

பிடிவாதக்காரி, அன்றே நிறுத்தினாள். பத்தாம் நாள் வாந்தி, தலைசுற்றல். "வெளையாட்டுக்குச் சொன்னேன், விட்டுடுடி" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! பன்னிரண்டாம் நாள் அணைமேல் சைக்கிளோடு விழுந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் பார்த்தது அவள் உள்ளங்கை ரேகைகளை. அவையும் கறுத்திருந்தன. மிட்டாய்ப் பந்தயத்தையும் நான் சொன்னேன்.

"சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்கற அட்ரினல் சுரப்பி ஓய்ஞ்சுக்கிட்டு வருது. கார்ட்டிசால் போதல. மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி, சுரக்கச் சொல்லி உத்தரவு மேல உத்தரவு அனுப்புது. அதுதான் தோலையும் கறுக்க வெச்சிருக்கு. மிச்சமிருந்த ஹார்மோனைச் சீக்கிரம் அழியவிடாம அதிமதுரம் காப்பாத்திச்சு, நோயையும் மறைச்சிடுச்சு. மிட்டாயை நிறுத்தாம இருந்திருந்தா ஒரு காய்ச்சல் போதும், காரணம் தெரியாமலே போயிருப்பீங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

ஆயுசு முழுக்க மாத்திரை, மயங்கி விழுந்தால் உடனே ஹார்மோன் ஊசி என்றாகிவிட்டது. அதற்கு அவள் கலங்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் டவுவெ சொன்னதுதான் அவளை உடைத்தது: "இனி உள்ளேயே உட்கார்ந்து கடுதாசி பிரிக்கட்டும். அணைமேல மயங்கினா அவசர ஊசி போட அங்க யாரு இருக்கா?"

முப்பத்தோராம் நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரியில கூட மிட்டாயைத் தொடல. பந்தயம் என்னாச்சு?"

"நீதான் ஜெயிச்ச. என்ன வேணும், கேளு."

பையிலிருந்து ஊசிப் பெட்டி ஒன்றும் மூன்று ஆரஞ்சுப் பழங்களும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பழத்துல குத்திப் பழகி இதைப் போடக் கத்துக்கோ. உன் வழி என் வழிக்குப் பக்கத்துலதானே? தினம் பதினோரு மணிக்கு மதகுகிட்ட சந்திப்போம். நான் வரலைன்னா தேடி வா. அப்புறம் டவுவெ என்ன சொல்றான்னு பாக்கறேன்."

"ஊசியைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருமேடி!"

"இத்தனை வருஷம் வாயால குத்தினியே, இப்ப கையால குத்து."

மூன்றாவது ஆரஞ்சில்தான் ஊசி நேராக இறங்கியது. திங்கட்கிழமை டவுவெயின் சம்மதத்தோடு அவள் அணைக்குப் போனாள். ஊசிப் பெட்டி என் பையில் இருந்தது.