குண்டு தாங்கும் சட்டைக்கு ஒரு தையல்

புங்குடுதீவு மடத்துவெளியில் என் வீட்டு முன்னறையில்தான் தைக்கிறேன். பாடசாலைச் சீருடை, சட்டை, எப்போதாவது ஒரு புத்தகப் பை. போன வருடம் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெண்ணொருத்தி கனத்த சட்டையொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சின்ன வயதில் இந்த ஊரை விட்டுப் போனவள். இப்போது போர் நடக்கிற நாடுகளுக்குப் போய்ச் செய்தி அனுப்புகிறாள். குண்டு தாங்கும் அந்தச் சட்டையின் நெஞ்சில் ஆங்கிலத்தில், பெரிய வெள்ளை எழுத்தில், ‘பிரஸ்’ என்று தைத்திருந்தது.

“அக்கா, இந்த எழுத்தைக் கழட்ட ஏலுமோ?”

“ஏலும். ஆனா இதைக் கண்டால் சுடமாட்டினம் எண்டுதானே போடுறது?”

“முந்தி அப்பிடித்தான். இப்ப சில இடங்களில இதைப் பார்த்துத்தான் குறிவைக்கினம்.”

எழுத்துகளைப் பிரித்தெடுத்தேன். சுற்றியிருந்த துணி வெயிலில் வெளுத்திருந்ததால், எழுத்து இருந்த இடம் கருநீலமாக அப்படியே வாசிக்கக் கிடந்தது. அதை மூடி வெல்குரோ தைத்தேன். வேண்டிய இடத்தில் எழுத்தை ஒட்டலாம், வேண்டாத இடத்தில் உரிக்கலாம்.

குண்டைத் தடுக்கும் தகடுகளைச் சட்டைக்குள் செருகியபின் அவளிடம் கேட்டு ஒருதரம் போட்டுப் பார்த்தேன். மூச்சு முட்டியது. தகடு நெஞ்சையும் முதுகையும் மட்டுமே மூடியது. கழுத்து, வயிறு, கை எல்லாம் வெறுமை.

“மிச்சத்துக்கு என்ன செய்வீர்?”

“மிச்சம் அப்பிடித்தான் அக்கா.”

எங்கள் சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்து வானொலியில் செய்தி கேட்டிருக்கிறேன். அதைப் போய்ப் பார்த்துச் சொன்னவர்களுக்கும் இப்படி ஒரு உடம்பு இருந்திருக்கும் என்று அதுவரை நினைத்ததேயில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், போர் நடக்கிற நாடொன்றிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் மெலிந்த பெண்ணொருத்தி அந்தச் சட்டையோடு நின்றாள்.

“இவ இந்த ஊரிலயே செய்தி எடுக்கிறவ. இவவிட்ட ஒரு சட்டையும் இல்லை. நான் நாளைக்கு வெளிக்கிடுறன், இதைக் குடுத்திட்டுப் போறன். ஆனா தகடு கீழ இறங்குது.”

“அவவும் உம்மோட வெளிக்கிடலாமே?”

“எங்க போறது அக்கா? இதுதானே அவவின்ர ஊர்.”

தோள்பட்டியை இறுக்கிய பிறகும் தகடு நெஞ்சுக்குக் கீழேதான் நின்றது. பட்டியை இரண்டு விரல் அகலம் மடித்து, இரட்டை நூலால் கையாலேயே தைக்கும்படி திருவிழாவுக்கு வந்தவளிடம் சொன்னேன். துணித் துண்டொன்றில் தைத்தும் காட்டினேன். அளவு கொடுக்க வரும் எந்தப் பெண்ணையும் போல, அந்த மெலிந்த பெண் கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அங்கே தூரத்தில் ஏதோ வெடித்தது. நான்தான் பதறினேன். அவள் தோளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

தைத்து முடிந்ததும் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

“இப்ப சரியாம் அக்கா. குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கப் போறாவாம்.”

தன் கைபேசியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் படியிறங்கிப் போவது வீடியோவில் தெரிந்தது. நடையில் அவசரமில்லை. அன்று மத்தியானம் வரை நான் மெஷினில் கால் வைக்கவில்லை.