இலைகளுக்கு நடுவே ஒரு ஹெர்குலிஸ்

ஃபெலிசியோ பத்தொன்பது வருஷம் இலை செதுக்கினான். சந்தையில் விலைபோய் ரோமுக்கு வந்தவன். முதலாளி விடுதலை கொடுத்த பிறகும் உளியை விடவில்லை. எந்தக் குளியல் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தாலும் தூணின் தலையைச் சுற்றி முள்ளிலை சுருண்டு நிற்குமே, அதில் பாதி இவன் கைவேலை. ஆனால் இலைக்காரன் இலைக்காரன்தான். சாமி முகம் செதுக்குகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் தனியாகத்தான் உட்காருவார்கள். என்ன பெருமையோ!

அந்த வருஷம் புது மண்டபத்துக்கு முகக்காரர்கள் போதவில்லை. மேற்பார்வையாளர் நேவியஸ் வேறு வழியில்லாமல் இவனைக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு தூண்தலைல, இலைக்கு நடுவுல ஹெர்குலிஸ் வேணும். கெடுத்தே, சாகுறவரைக்கும் உனக்கு இலைதான்டா."

ஃபெலிசியோவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. நாற்பது நாள் அதே நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியைக் கிள்ளி மூக்கு செய்து பார்ப்பான். வேலைத்தளத்தில் அவித்த கொண்டைக்கடலை விற்கும் அவன் மனைவி ஹெல்பிஸ், "ரொட்டியைத் தின்னுய்யா, சாமியை அப்புறம் பண்ணலாம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அவன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. கல் மேலே ஏறியதும் முகக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். தூசி கூட்டக் கடைசிவரை நிற்பவன் இலைக்காரன். கீழிருந்து பார்த்தால் அவர்கள் செய்த சாமிக்கெல்லாம் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

கல்லைத் தூக்குவதற்கு முதல்நாள் நேவியஸ் வெளுத்த அங்கியோடு வந்தார். மரமுட்டு மேல் ஏற்றி வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"என்னடா இது? நெத்தி சுரைக்காயாட்டம் புடைச்சிருக்கு! ஆளு குப்புற விழப்போறான்!"

முகக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஐயா, இது நாப்பதடி உசரத்துல நிக்கப்போகுது. அதுக்குத் தோதாத்தான்..."

"கதை விடாதே. முகத்தைச் சீவிட்டு இலையைப் போடு."

ஃபெலிசியோ உளியைக் கீழே வைத்தான். "கல்லுக்குக் கீழே படுத்துப் பாருங்கய்யா. ஒரே ஒரு தடவை."

கூலியாட்கள் முன்னால், பளிங்குத் தூளில், நேவியஸ் படுப்பதா? ஹெல்பிஸ் கடலைக்கூடையை இறக்கி வைத்தாள். கல்லடியில் மல்லாந்து படுத்தாள்.

"அடியாத்தி! என்னையே பார்க்குறானே! யோவ், இறங்கி வந்து கடலையைப் பிடுங்கிருவான்போல!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நேவியஸ் நாலாபக்கமும் பார்த்தார். அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முனகியபடி அவரும் படுத்தார். நெற்றி அடங்கி, முகம் நிமிர்ந்து, ஹெர்குலிஸ் அவரை நேருக்கு நேர் பார்த்தான். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

எழுந்ததும் ஹெல்பிஸ், "ஐயா, முதுகெல்லாம் தூளு" என்றாள்.

"இருக்கட்டும்மா. நாளைக்கு இன்னும் ஏழு கல்லு வருது. உன் புருஷனை நேரத்தோட அனுப்பு."

ஃபெலிசியோ அப்படியே குந்தி, வெட்கமில்லாமல் அழுதான். மதியம் முகக்காரர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். போய் உட்கார்ந்தவன் கை, தன்னாலே ரொட்டியைக் கிள்ளியது.

"இன்னிக்காவது தின்னுய்யா" என்றாள் ஹெல்பிஸ்.

கிள்ளியதை வாயில் போட்டுக்கொண்டான்.