பிக்கரிங் ரயிலில் ஒரு குவாட்டர்பேக் பேச்சு

இன்று காலை பிக்கரிங் ரயிலில் சிவா அண்ணைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரண்டு கிழமைப் பழக்கம். தலையில் அவருடைய அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் தொப்பி, முகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோற்ற சோகம்.

"எங்கட குவாட்டர்பேக்குக்குப் பந்து எறியவே தெரியேல்லை. என்ன செய்யலாம், சொல்லும்?"

"யூனிவர்சிற்றியில விளையாடுற பெடியன் ஒருத்தனை ட்ராஃப்டில எடுத்து வளர்க்கலாமே அண்ணை."

"அவன் வளர்ந்து வாறதுக்குள்ள நான் பென்ஷன் எடுத்திடுவன். வேற ரீமில இருக்கிற நல்லவனை ட்ரேட் பண்ணிக் கொண்டுவர வேணும். நேற்றுவரைக்கும் எதிரியா இருந்தால் என்ன? எங்கட தொப்பியைப் போட்டால் எங்கட ஆள். விளையாட்டில பகை பார்க்கக்கூடாது தம்பி."

எனக்குப் புல்லரித்தது.

அண்ணை தன் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் கிரிக்கெட் அணிக்கு இங்கே கப்டன். வேகப்பந்து வீச ஆளில்லை என்று தினமும் புலம்புவார். துணிந்து கேட்டேன்.

"அப்ப வாற சம்மருக்கு உங்கட ரீமில நான் பந்து போடட்டே? பள்ளிக்கூடத்தில நான் ஃபாஸ்ட் போலர்."

"அட, முதலே சொல்லியிருக்கலாமே! எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னேன். வருடாவருடம் அவர்களோடு பிக் மட்ச் ஆடும் பரம எதிரிப் பள்ளிக்கூடம்.

இது ரூஜ் ஹில் ஸ்டேஷனில். அடுத்த ஸ்டேஷன் கில்ட்வுட். அங்கே அண்ணை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யோசிச்சுப் பார்த்தால் தம்பி, ட்ராஃப்ட்தான் நல்லம்."

பகை பார்க்காத கிரிக்கெட் அணி டொரொன்டோவில் இருந்தால் சொல்லுங்கள், உடனே வருகிறேன். எந்தப் பள்ளிக்கூடம் என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.