ஐந்தாவது கடல்குதிரை

மூன்று வாரம் முன்பு இதே பத்தியில் என் வீட்டு மீன்தொட்டியைப் பற்றிப் பீற்றிக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கலாம். ‘வாங்கியதிலிருந்து ஒரு மீன்கூடச் சாகவில்லையாக்கும்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் ஒருவன் காதர். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

காதர், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். மேலப்பாளையம்காரன். குவைத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவர், தோட்டக்காரர், காவல் எல்லாம் அவன்தான். முதலாளி குடும்பம் பத்து நாள் வெளியூர் போனபோது இன்னொரு பொறுப்பும் தலையில் விழுந்தது. முதலாளி மகள் வளர்க்கும் கடல்குதிரைகள். மொத்தம் ஐந்து.

(நம் நாட்டில் கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஆசைப்பட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஐந்தும் பண்ணையில் பிறந்த குள்ள இனம். முழுசாக வளர்ந்தாலும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.)

அவர்கள் திரும்பி வந்ததும் காதர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை அவன் மகளுக்கு நிக்காஹ். லீவு தரவேண்டியவர் அந்த முதலாளி.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டான்.

“லே, தொட்டியில ஃபில்டர் ஓடமாட்டேங்கு. காத்து மோட்டார் நின்னுட்டு. புதுசு எது வாங்க?”

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா?

“இருக்கதுலயே பவர் கூடினதா வாங்குலே. தண்ணி பளிச்சுனு இருக்கும்” என்றேன்.

நாம் எல்லோருமே அப்படித்தானே? மொட்டைமாடி டேங்குக்கு அரை ஹெச்.பி. மோட்டார் போதும் என்று பிளம்பர் சொன்னால், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு ஹெச்.பி. வாங்குவோம். ஃபேன் ஐந்தில் ஓடினால்தான் அது காற்று. பவர் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“ஏலே, நீ சொன்னத மாட்டுனதுலேர்ந்து தொட்டிக்குள்ள தண்ணி சுழிச்சு அடிக்கு. ஒண்ணாலயும் நிலையா நிக்க முடியல. தீனி போட்டா அதையும் ஃபில்டரு உறிஞ்சிட்டுப் போயிருது. நாலுதான் கண்ணுல படுது லே... ஒண்ணக் காணோம்!”

“ஃபில்டருக்குள்ள பாத்தியா?”

“கழத்திப் பாத்துட்டேன். இல்ல. அந்தப் பிள்ள ஒவ்வொண்ணா பேரு சொல்லி எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லீவு கேப்பேன்?”

ஒரு கல்யாணத்துக்குத் தகப்பன் வராமல் போனால், காரணம் என் வாய்!

வண்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து தச்சநல்லூருக்குப் பறந்தேன். அங்கே செல்வி வண்ணமீன் கடை வைத்திருக்கிறாள். ஃபைட்டர் மீன் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து வளர்ப்பதில் கெட்டிக்காரி. (என் தொட்டியில் மீன் செத்தால் அதே நிறத்தில் வேறொன்று தருபவளும் அவள்தான். அந்தப் பத்தியில் இதை எழுத மறந்துவிட்டேன்.)

காதரை வீடியோ காலில் பிடித்து அவள் முன்னால் நீட்டினேன்.

“இத வாங்கச் சொன்ன புண்ணியவான் யாரு?” என்றாள்.

நான் பக்கத்துத் தொட்டியில் மீன் எண்ண ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நல்லா சொன்னிய அண்ணாச்சி! நான் கடல்குதிர வளத்ததில்ல. ஆனா படிச்சிருக்கேன். அதுக்கு நீச்சலு சரியா வராது. வாலால எதையாவது பிடிச்சிக்கிட்டு நிக்கும். தீனி மூஞ்சிக்கு முன்னால வந்தாத்தான் திங்கும். அதுகிட்ட போயி வெள்ளத்தத் தொறந்துவிட்டா என்ன செய்யும், பாவம்? பாய், மொதல்ல அத அணைங்க. பழைய ஃபில்டர் எப்படி இருந்திச்சு?”

“கறுப்பா ஒரு ஸ்பாஞ்சும்மா. நடுவுல குழாய். மோட்டார்லேர்ந்து அதுக்குள்ள காத்து போவும்” என்றான் காதர்.

“மோட்டாருதான போச்சு? ஸ்பாஞ்சு எங்க?”

“தொட்டி மூலையிலயே கெடக்கு. எடுக்கல.”

“எடுக்காததே நல்லதாப் போச்சு. அழுக்கத் திங்குற நல்ல கிருமியெல்லாம் அதுலதான் குடியிருக்கும். சின்னதா ஒரு காத்து மோட்டார் மட்டும் வாங்கி மாட்டுங்க. டியூபுக்கு நடுவுல ஒரு வால்வு வச்சு, காத்தக் கொறச்சு, பைய விடுங்க. அது போதும். அங்கன கொஞ்சம் காட்டுங்க, ஸ்பாஞ்சு எப்படி இருக்குன்னு பாப்போம்.”

காதர் போனை மூலைக்குக் கொண்டுபோனான். செல்வி திரைக்குள் போய்விடுவது போல உற்றுப் பார்த்தாள்.

“பாய்... அந்தக் குழாயில என்னமோ சுத்திக்கிட்டு இருக்கே?”

அந்தப் பக்கத்திலிருந்து “அல்ஹம்துலில்லாஹ்” என்று ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஐந்தாவது கடல்குதிரை! ஓடாத பழைய ஃபில்டரின் குழாயில் வாலைச் சுற்றிக்கொண்டு, ஸ்பாஞ்சின் மறைவில் ஒண்டி நின்றது. தண்ணீர் அடிக்காத இடம் அந்தத் தொட்டியில் அது ஒன்றுதான் போலிருக்கிறது. எந்த ஃபில்டர் நல்லது என்று குவைத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுப் பேசினோமே, தொட்டிக்குள் இருப்பது என்ன சொல்கிறது என்று நாங்கள் பார்த்தோமா?

சாயங்காலம் வீடியோ வந்தது. புது மோட்டார், சின்னது. “தொழுதுட்டு தஸ்பீஹ் மணி உருட்டுற வேகத்துல குமிழி வருது லே” என்றான் காதர். எந்தக் கம்பெனியும் டப்பா மேல் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. ஐந்தும் ஆளுக்கொரு பாசித் தண்டைப் பிடித்துக்கொண்டு, முன்னால் மிதந்து வரும் தீனியை டக் டக்கென்று இழுத்துக்கொண்டிருந்தன. அப்பாடா! அன்றைக்கு ராத்திரிதான் எனக்குச் சோறு இறங்கியது.

நேற்று முதலாளி குடும்பம் திரும்பிவிட்டது. அந்தப் பிள்ளை வந்ததும் வராததுமாகத் தொட்டிக்கு ஓடி எண்ணினாளாம். ஐந்து. லீவு கிடைத்துவிட்டது. காதருக்கு நாளைக்கு விமானம். 

“உனக்கு என்னலே வாங்கிட்டு வர? சென்ட்டா, பேரீச்சம்பழமா?” என்றான்.

“ஒண்ணும் வேண்டாம்லே. நீ நல்லபடியா வந்து சேரு, அது போதும்.”

“அதெப்படி? ஒரு வால்வு வாங்கிப் பெட்டியில வச்சிட்டேன்.”

“எதுக்குலே? என் தொட்டியிலதான் ஏற்கெனவே இருக்கே!”

“தொட்டிக்கு இல்லலே... உன் வாய்க்கு.”