ஒரே சங்கிலி

தம்பி குடிவெறியில் பக்கத்து வீட்டுக்காரனைக் குத்திக் கொன்றபோது, தச்சன் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். “அண்ணிய நான் தெய்வமா பாத்துக்கறேண்ணே” என்று தம்பி காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தச்சனைக் கப்பலேற்றித் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே சேற்றில் நின்று மரம் அறுத்ததில் அவன் பாதங்கள் அழுகின.

நான்காம் வருஷம் வந்த கப்பலிலிருந்து தம்பியும் கைதியாக இறங்கினான்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?”

“வீட்ட விக்கணும்னேன். அண்ணி கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னா. கோவத்துல கிணத்துல தள்ளிட்டேண்ணே.”

தச்சன் அவன் கழுத்தைப் பிடித்தான். காவலர்கள் அடித்துப் பிரித்தார்கள்.

“அண்ணன் தம்பியாமே, ஒண்ணாவே கெடங்கடா” என்று சிரித்தபடி ஜெயிலர் இருவரையும் ஒரே சங்கிலியில் பூட்டினார்.

அன்று படுத்ததும் தம்பி குளிருக்கு அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டான். விலகிப் படுக்கச் சங்கிலி விடவில்லை.